இரும்பு ரெண்டுதானே, பெயரில் ஏன் மூன்று?

மே 4, இரவு

குமுளியில் எங்கள் வீட்டு வராந்தா இன்னமும் பழைய ரெட் ஆக்சைடு தரைதான். ப்ளஸ் டூ போகப்போகிற பக்கத்து வீட்டுப் பெண் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "மாமா, இந்தத் தரைக்குச் சிவப்பு கொடுக்கறது எஃப் ஈ டூ ஓ த்ரீ. இரும்பு ரெண்டு, ஆக்சிஜன் மூணு. அப்புறம் எதுக்கு இரும்பு(மூன்று) ஆக்சைடுன்னு எழுதறாங்க? இரும்பு ரெண்டுதானே இருக்கு?"

நானும் எல்லாரும் சொல்கிற பதிலைத்தான் சொன்னேன்: குறுக்கே மாற்றிப் போட வேண்டும், ஆக்சிஜனின் 2 இரும்புக்குக் கீழே வரும், இரும்பின் 3 ஆக்சிஜனுக்குக் கீழே வரும். "அது தெரியும் மாமா, ஏன்னுதான் கேட்டேன்" என்றாள். காப்பி ஆறிப்போனது.

நான் வேதியியல் படித்தவன்தான், பி.எஸ்ஸி. பிழைப்பு ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுவது, சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்கு ட்யூஷன். கணக்கெழுதுகிறவனாகவே பதில் சொல்லிப் பார்க்கிறேன். ஆக்சிஜன் ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரானைத் தன் பேரில் எழுதிக்கொள்ளும். மூன்று ஆக்சிஜனுக்கு ஆறு. அந்த ஆறையும் இரண்டு இரும்பு சேர்ந்து கொடுக்க வேண்டும், ஆளுக்கு மூன்று. அடைப்புக்குறிக்குள் இருக்கிற மூன்று ஓர் இரும்பின் தலைக்கு விழுந்த தொகை. இதைத்தான் ஆக்சிஜனேற்ற எண், ஆக்சிஜனேற்ற நிலை என்பார்கள்; கொடுத்தவருக்கு +, வாங்கியவருக்கு - போட்டு எழுதுவோம். எத்தனை இரும்பு என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

(அடைப்புக்குள் ரோமன் எண் போடுவதுதான் முறை. இந்தப் போனில் தமிழ் மட்டும்தான் தட்ட வருகிறது. வகுப்பில் வாயால் எப்படிச் சொல்வோமோ அப்படியே எழுதிவிடுகிறேன்.)

மே 5, காலை 6.40

இரவு படுத்த பிறகு யோசித்தது. பழைய பெயர்களில் இந்தக் குழப்பமே இல்லை. பெர்ரஸ் என்றால் +2, பெர்ரிக் என்றால் +3. "ஸ்" என்று முடிந்தால் இரண்டு, "க்" என்று முடிந்தால் மூன்று. எங்கள் காலத்தில் இப்படித்தான் மனப்பாடம் செய்தோம்.

மே 5, மதியம்

காலையில் எழுதியது தப்பு. அழிக்காமல் விட்டிருக்கிறேன், யாராவது அதே தப்பைச் செய்யாமல் இருக்கட்டும்.

இரும்புக்கு அது சரி, எல்லாவற்றுக்கும் பொருந்தாது. குப்ரஸ் என்றால் செம்பு +1, குப்ரிக் என்றால் +2. மெர்குரஸ் +1, மெர்குரிக் +2. தகரத்துக்கு ஸ்டேனஸ் +2, ஸ்டேனிக் +4. ஆக "ஸ்" என்பது இருக்கிற இரண்டில் சிறியது, "க்" பெரியது, அவ்வளவுதான் அந்தப் பெயர் சொல்கிறது. சின்ன மருமகள், பெரிய மருமகள் என்பது மாதிரி. வயது என்ன என்று கேட்டால் அந்தப் பெயரில் பதில் கிடையாது. மூன்றாவதாக ஒரு மருமகள் வந்துவிட்டால் பெயர் வைக்கவும் வழியில்லை. மாங்கனீசுக்கு +2 முதல் +7 வரை வரிசையாக இருக்கிறது, என்ன செய்வது?

பெயரின் வாலை வைத்து அளவைச் சொல்கிற பழக்கம் 1787-ல் பிரான்சில் லவாய்சியேவும் மூன்று கூட்டாளிகளும் போட்ட பெயரிடும் முறையிலிருந்து வந்தது. பெயருக்குள்ளேயே எண்ணை எழுதிவிடலாம் என்று சொன்னவர் ஆல்பிரட் ஸ்டாக், ஜெர்மன்காரர், 1919-ல். அந்தப் பெண்ணைக் குழப்பிய அடைப்புக்குறி அவருடையதுதான். இவரைப் பற்றி இன்னொரு சங்கதி உண்டு, பிறகு.

மே 7

தோட்டத்தில் மழைக்கு முந்தின மருந்தடிப்பு ஆரம்பம். அந்தச் சாக்கில் என் பழைய அசட்டுத்தனம் ஒன்று.

அப்போது எனக்குப் பதினாறு வயது. கம்பத்திலிருந்து அப்பாவோடு ஜீப்பில் மேலே வந்து போவேன். ஏலத்துக்கு அழுகல் நோய் வராமல் இருக்க போர்டோ கலவை. நூறு லிட்டருக்கு ஒரு கிலோ துருசு, ஒரு கிலோ சுண்ணாம்பு. ஐம்பது லிட்டரில் துருசு தனி, ஐம்பது லிட்டரில் சுண்ணாம்புப் பால் தனி, அப்புறம் துருசுத் தண்ணீரைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும், திருப்பி ஊற்றக் கூடாது. (துருசு, மயில்துத்தம், காப்பர் சல்பேட் மூன்றும் ஒன்றுதான். மலையாளிகள் துரிசு என்பார்கள்.)

"ராத்திரியே துருசை ஊறப் போட்டுரு, காலைல கரைஞ்சிருக்கும்" என்றார் அப்பா. பிளாஸ்டிக் டிரம்மில் மண் கிடந்தது. பக்கத்தில் இரும்பு டிரம் சுத்தமாக இருந்தது. அதில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

காலையில் பார்த்தால் மயில்கழுத்து நீலம் போய், வெளுத்த பச்சையாக ஒரு தண்ணீர். டிரம்மின் உட்புறம் செங்கல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு படிவம், விரலால் வழித்தால் வந்தது. அடியில் இரண்டு இடத்தில் கசிவு. அப்பா குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "மருந்து கலக்கச் சொன்னா டிரம்மைக் கரைச்சு வச்சிருக்க."

ரசாயனப்படி அது முழுக்கச் சரியான வாக்கியம். செம்பு +2 ஆகக் கரைந்து கிடந்தது, இரும்பிடமிருந்து இரண்டு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு வெறும் செம்பாகப் படிந்தது. கொடுத்த இரும்பு +2 ஆகித் தண்ணீரில் போனது. அந்த வெளுத்த பச்சை, பெர்ரஸ் சல்பேட், நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி. ஒரு கிலோ துருசை அன்னபேதியாக மாற்றியிருக்கிறேன், ஏலத்துக்கு அதனால் பைசா பிரயோஜனமில்லை.

மே 8

"கத்தியை முக்கிப் பார்ப்பார்களே, அது இதுதானா?" என்று கேட்டவருக்கு: இதேதான். கலவை தயாரானதும் துடைத்த கத்தியையோ அரிவாளையோ ஒரு நிமிடம் முக்குவோம். எடுத்தால் வெள்ளையாகவே இருந்தால் சரி. செம்பு நிறம் ஏறியிருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, கரைந்த செம்பு மிச்சமிருக்கிறது, இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால். எங்கள் தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத அக்கா ஒருவர் இந்தச் சோதனையில் கெட்டிக்காரர். ஆக்சிஜனேற்ற நிலையைக் கத்தி முனையில் பார்க்கிறார், அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை.

போர்டோ என்பது பிரெஞ்சு ஊர்ப் பெயர். அங்கே சாலையோரத் திராட்சையைத் திருடர்கள் பறிக்காமல் இருக்க, விஷம் மாதிரி தெரியட்டும் என்று துருசும் சுண்ணாம்பும் தெளித்து வைத்தார்கள். தெளித்த கொடிகளில் நோய் வரவில்லை என்பதை மில்லார்தே என்ற பேராசிரியர் கவனித்து, 1885-ல் கலவையை வெளியிட்டார். நம்மூரில் மாமரத்துக்கு அடியில் "மருந்தடித்திருக்கிறது" என்று போர்டு வைப்பதில்லையா, அந்தக் கதைதான்.

மே 8, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. டிரம்மில் இரும்பு ஏன் +2-ஓடு நின்றது, +3 வரை ஏன் போகவில்லை? செம்புக்கு அவ்வளவு வலு கிடையாது. முதல் இரண்டு எலக்ட்ரானை அது வாங்கிவிடும். மூன்றாவதைக் கேட்டு வாங்கும் சக்தி இல்லை.

இதற்கு நேர் எதிரான காட்சியைக் கல்லூரியில் பார்த்தேன். மதுரையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் பெர்ரிக் குளோரைடு வாங்கி வந்து சர்க்யூட் போர்டு செய்தோம். அந்தப் பழுப்புத் தண்ணீரில் செம்புத் தகட்டைப் போட்டு ஆட்டினால் செம்பு கரைந்து போகிறது. அதாவது இரும்பு வெறும் உலோகமாக இருக்கும்போது செம்பைக் கரைசலிலிருந்து வெளியே தள்ளுகிறது. அதே இரும்பு +3 ஆக இருக்கும்போது செம்பையே கரைத்து உள்ளே இழுக்கிறது, தான் +2 ஆக இறங்கிக்கொள்கிறது. ஒரே தனிமம், எண் மாறினால் குணம் தலைகீழ். பெயரில் அந்த எண் எதற்கு என்று அந்தப் பெண்ணுக்கு முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும். குறுக்கே மாற்றுவதையா சொல்வேன்.

மே 12

கம்பம் போயிருந்தேன். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி ஐம்பது கிராம் வாங்கினேன். கடைக்காரர் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே இளம்பச்சைக் கட்டிகள், மேலே மட்டும் காய்ந்த மஞ்சள் பொடி பூத்திருந்தது. "பழசுண்ணே, சுரண்டிட்டுத் தர்றேன்" என்றார். சுரண்ட வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

அந்தக் கட்டி ஒன்றே ஒரு பாடம். உள்ளே இருக்கிற பச்சை, இரும்பு +2. காற்றுப் பட்ட மேல்தோல் மஞ்சள், இரும்பு +3. கிணற்றுத் தண்ணீரில் ஒரு துண்டு போட்டு வைத்தேன், மறுநாள் காலையில் டம்ளரில் துருத் தண்ணீர்.

நம் சித்த மருத்துவப் பெயர்களைப் பாருங்கள். எண் கிடையாது, சூத்திரம் கிடையாது. ஆனால் பாதரசமும் குளோரினும் சேர்ந்த இரண்டு உப்புக்கு இரண்டு தனிப் பெயர்: பூரம், வீரம். பூரம் மெர்குரஸ் குளோரைடு, தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம். வீரம் மெர்குரிக் குளோரைடு, கரையும், கொடிய விஷம். +1-க்கும் +2-க்கும் உள்ள தூரம் உயிர் போகிற தூரம் என்பது ஸ்டாக்குக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஒரே குடும்பம் என்று மட்டும் அந்தப் பெயர்கள் சொல்லாது. பூரத்தையும் வீரத்தையும் முதல் தடவை கேட்கிறவனுக்கு இரண்டிலும் பாதரசம் என்று தெரிய வழியில்லை. மெர்குரி(ஒன்று) குளோரைடு, மெர்குரி(இரண்டு) குளோரைடு என்றால் குடும்பமும் தெரிகிறது, ஆளும் தெரிகிறது.

இரண்டையுமே யாரும் வாங்கிச் சோதித்துப் பார்க்க வேண்டாம். அன்னபேதி போதும்.

மே 13

பாதரசம் என்றதும் நினைவு. கல்லூரித் தேர்வில் மெர்குரி(ஒன்று) குளோரைடின் சூத்திரம் கேட்டிருந்தார்கள். பாதரசம் +1, குளோரின் -1, ஒன்றுக்கு ஒன்று. எச் ஜி சி எல் என்று எழுதினேன், மார்க் போயிற்று. சரியான விடை எச் ஜி டூ சி எல் டூ. சுருக்கினால் அதுதானே என்று வாதாடினேன், திருத்தியவர் ஏன் என்று சொல்லாமல் தாளை நீட்டிவிட்டார். பல வருஷம் அந்தக் கோபம் இருந்தது.

விஷயம் இதுதான்: பாதரசம் +1 தனியாக வராது, இரண்டு அணு கைகோத்துக்கொண்டே வரும். இரண்டும் சேர்ந்து +2. ஒரே தனிமத்தின் இரண்டு அணுவுக்கு நடுவில் இருக்கிற பிணைப்பில் யார் பேரிலும் எழுத எதுவுமில்லை, பூஜ்யம். ஆகவே ஆளுக்கு +1. எண் சொல்லும் கணக்கு சரி, ஆனால் அணுக்கள் எப்படி ஜோடி சேர்ந்திருக்கின்றன என்பதை எண் சொல்லாது. மார்க்கைத் திருப்பிக் கேட்கும் உரிமை எனக்கில்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்டாக் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. அவர் ஆய்வுக்கூடத்தில் வருஷக்கணக்காகப் பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் கருவிகளோடு வேலை செய்தவர். தலைவலி, மறதி, தலைசுற்றல். பாதரச ஆவிதான் காரணம் என்று கண்டுபிடித்து, 1926-ல் அதன் ஆபத்தை ஊரறிய எழுதினார். உலோகங்களுக்கு எண் போட்டுப் பெயர் வைத்த மனிதரைப் படுத்தி எடுத்தது எண் பூஜ்யமாக இருந்த வெறும் பாதரசம்.

மே 19

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் கட்டன் சாயா, அதாவது பால் இல்லாத டீ. பையில் அன்னபேதிப் பொட்டலம் இருந்தது. டம்ளரில் பாதி குடித்துவிட்டு, மிச்சத்தில் மிளகு அளவு ஒரு துண்டைப் போட்டேன். விழுந்த இடத்திலிருந்து புகை மாதிரி கருமை இறங்கியது. ஒரு கலக்குக் கலக்கியதும் செம்பழுப்பு போய் மைக்கூட்டுக் கறுப்பு. டீக்கடைச் சேட்டன் எட்டிப் பார்த்து, "எந்தா அண்ணா, விஷமா?" என்றார். மை என்றேன். எலுமிச்சை ஒரு மூடி வாங்கிப் பிழிந்தேன், கருமை கண்ணெதிரே வெளுத்தது. டம்ளருக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டார். அந்த டம்ளரில் இனி யாருக்கும் டீ கொடுக்க மாட்டாராம். நியாயம்.

அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதுமை காய்ச்சியது இதே வித்தைதான். தேயிலையிலும் கடுக்காயிலும் இருக்கிற துவர்ப்பு, இரும்பைப் பிடித்துக்கொள்ளும். காற்றுப் பட்டு +2 இரும்பு +3 ஆனதும் கருமை முற்றும். எழுதும்போது வெளிறியும் காய்ந்த பிறகு அழுத்தமாகவும் தெரிந்தது அதனால்தான்.

இதைச் சொல்ல வந்த காரணம்: பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுக்கும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே போலிக் அமிலம். நம் பிள்ளைகள் அதை விழுங்கிவிட்டு மேலே ஒரு டீ குடிக்கிறார்கள். டம்ளரில் நடந்தது வயிற்றிலும் நடக்கும், துவர்ப்பு பிடித்துக்கொண்ட இரும்பு உடம்பில் சரியாக ஏறாது. எலுமிச்சை, நெல்லிக்காய் என்றால் நேர்மாறு. வைட்டமின் சி இரும்பை +2 நிலையிலேயே வைத்திருக்கும், குடல் உறிஞ்சுவது அந்த நிலையில்தான் சுலபம். ஆகவே மாத்திரை அட்டையில் பெர்ரஸ் என்று அச்சிட்டிருப்பது சும்மா இல்லை.

மே 20

இல்லை, நீல மாத்திரையில் துருசு இல்லை. நீலம் மேல்பூச்சு. இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

மே 20, இரவு

நிறத்தைப் பற்றி நானே நிறைய அளந்துவிட்டேன், கொஞ்சம் பின்வாங்குகிறேன். நிறம் மாறினால் எண் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். துருசைக் கரண்டியில் வைத்துச் சூடாக்கினால் நீலம் போய் வெள்ளைப் பொடி ஆகும். செம்பு +2-விலிருந்து அசையவில்லை. படிகத்தில் ஒவ்வொரு செம்புக்கும் ஐந்து தண்ணீர் மூலக்கூறு இருந்தது, அது ஆவியாகிவிட்டது, அவ்வளவுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பி வரும். தண்ணீருக்கு எண் பூஜ்யம், கணக்கில் ஏறாது.

மே 26

இப்போது கொஞ்சம் சங்கடமான திருத்தம். முதல் நாள் "எலக்ட்ரானைக் கொடுக்கும், வாங்கும்" என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அந்தப் பெண் கேட்டாள்: "பெர்மாங்கனேட்ல மாங்கனீசு +7-னு வருது. ஏழு எலக்ட்ரானையும் நிஜமாவே கொடுத்துருமா மாமா?"

கணக்கு சரி. பொட்டாசியம் +1, நாலு ஆக்சிஜனுக்கு -8, மொத்தம் பூஜ்யம் வர மாங்கனீசு +7. ஆனால் ஏழு எலக்ட்ரானையும் பறிகொடுத்த மாங்கனீசு என்று அந்த ஊதாத் தண்ணீரில் எதுவும் மிதக்கவில்லை. மாங்கனீசும் ஆக்சிஜனும் எலக்ட்ரான்களைப் பங்கு போட்டுத்தான் வைத்திருக்கின்றன.

எங்கள் ஊரில் இரண்டு அண்ணன் தம்பிக்குப் பொதுவாக ஒரு கிணறு. இரண்டு பேரும்தான் இறைக்கிறார்கள், அண்ணன் கொஞ்சம் அதிகமாக. பட்டா மட்டும் முழுக்க அண்ணன் பேரில். வி.ஏ.ஓ. ஆபீஸில் கேட்டால் தம்பிக்குக் கிணறே கிடையாது. ஆக்சிஜனேற்ற எண் என்பது அந்த ஆபீஸ் பதிவு. எலக்ட்ரானை யார் பலமாக இழுக்கிறாரோ அவர் பேரில் முழுதும் எழுதிவிடுவது என்று ஒரு விதி. தோட்டத்தில் போய்ப் பார்த்தால் நிலவரம் வேறு. ஆனால் அந்தப் பதிவு இல்லாமல் வரவு செலவு பார்க்க முடியாது. ஒரு வினையில் ஒரு பக்கம் எண் எவ்வளவு ஏறுகிறதோ, இன்னொரு பக்கம் அவ்வளவு இறங்கியே தீர வேண்டும்.

அந்த ஏழு எப்படி இறங்கும் என்பதை என் கையிலேயே பார்த்திருக்கிறேன். கிணற்றுக்குப் பெர்மாங்கனேட் போடும் நாளில் விரல் முதலில் ஊதா, அரை மணியில் பழுப்பு. சோப்புக்குப் போகாது. தோல் கொடுத்த எலக்ட்ரானில் +7 இறங்கி +4 ஆன மாங்கனீசு டை ஆக்சைடு அது. இரண்டு நாள் சாப்பாட்டு இலையில் கை வைக்கவே கூச்சமாக இருக்கும்.

மே 27

மாங்கனீசு டை ஆக்சைடு என்றால் டார்ச் பேட்டரிக் கட்டையை உடைத்தால் வரும் கரி. சின்ன வயதில் அதைத் தண்ணீரில் குழைத்துச் சுவரில் எழுதியிருக்கிறோம். கரி என்றே நினைத்திருந்தேன். அதில் கரியும் உண்டு, கூட மாங்கனீசும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

இதை வைத்து ஒரு பொறி. மாங்கனீசு ஒன்று, ஆக்சிஜன் இரண்டு: மாங்கனீசு +4. பேரியம் ஒன்று, ஆக்சிஜன் இரண்டு: அப்படியென்றால் பேரியம்(நான்கு) ஆக்சைடா? என் ட்யூஷனில் நாலு பேரில் மூன்று பேர் ஆமாம் என்றார்கள். நாலாவது ஆள் வரவில்லை.

பேரியத்திடம் கொடுக்க இரண்டுதான் உண்டு, நாலு கேட்டால் எங்கே போகும்? அங்கே இரண்டு ஆக்சிஜனும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன, பாதரச ஜோடி மாதிரி. ஆக்சிஜனுக்கு ஆளுக்கு -1. பெயரும் ஆக்சைடு இல்லை, பேரியம் பெராக்சைடு. ஆக்சிஜன் என்றாலே -2 என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்களுக்காகவே இதைக் கேட்பார்கள்.

ஜூன் 3

பள்ளி திறந்துவிட்டது, மழையும் பிடித்துவிட்டது, கரன்ட் போய்ப் போய் வருகிறது.

நம் எழுத்து செய்கிற வேலையையும் சொல்லிவிடுகிறேன். சல்பைடு, சல்பைட்டு. முதலாவதில் கந்தகம் -2. இரண்டாவதில் +4. நடுவில் ஆறு எலக்ட்ரான் வித்தியாசம், தமிழில் ஒரே ஒரு "ட்" வித்தியாசம். குளோரைடு, குளோரைட்டு அதே கதை, நைட்ரைடு, நைட்ரைட்டும் அப்படியே. ஒரு மாணவன் நோட்டில் "சோடியம் சல்பைட்" என்று எழுதியிருந்தான். எது என்று கேட்டேன். "ரெண்டும் அப்படித்தான் சார் எழுதுவோம்" என்றான்.

பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு எழுத்தும் வாசிப்பாள், தமிழ் மீடியம், மலையாளம் இரண்டாவது. மலையாளத்தில் இவற்றுக்கு வேறு வேறு எழுத்து இருக்கிறது, இந்தக் குழப்பம் வராது என்று காட்டினாள். உண்மைதான், கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. என் யோசனை: சல்பேட், சல்பைட்டு, சல்பைடு மூன்றையும் சத்தம் போட்டுச் சொல்லிப் பழகுங்கள். ட்டு-வை அழுத்தினால் ஆக்சிஜன் இருக்கிறது. டு-வை மென்மையாக விட்டால் ஆக்சிஜன் இல்லை. ஹைட்ராக்சைடு, ஆக்சைடுக்கு இந்த விதி பொருந்தாது, அவை பெயரிலேயே ஆக்சிஜனை வைத்திருக்கின்றன. பொருந்தாததையும் சொல்லிவிட்டேன், பிறகு என்னைப் பிடிக்காதீர்கள்.

ஜூன் 9

"காப்பர் ஆக்சிகுளோரைடில் ஆக்சி என்று இருக்கிறதே, அப்படியென்றால் செம்பு இன்னும் மேலே ஆக்சிஜனேற்றம் ஆனதா?" மருந்துக் கடையில் சி.ஓ.சி. என்று கேட்டால் தருகிற பச்சைப் பொடிதான். இல்லை. இரண்டு செம்பு, மூன்று ஹைட்ராக்சைடு, ஒரு குளோரைடு. எதிர்க் கணக்கு நாலு, இரண்டு செம்புக்கு ஆளுக்கு +2. துருசில் இருப்பதும் அதே +2. பெயரில் ஆக்சி என்று வந்தால் பயப்பட வேண்டாம், கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

இன்னொன்று: எண் எப்போதும் முழு எண்ணாகத்தான் வரும் என்று ட்யூஷனில் சொல்லியிருக்கிறேன், இங்கே எழுதவில்லை, நல்லவேளை. ஓடை மணலில் காந்தத்தை இழுத்தால் முள் முள்ளாக ஒட்டுமே, அந்தக் கறுப்பு மணலில் முக்கால்வாசிப் பேர் பார்த்தது மேக்னடைட். இரும்பு மூன்று, ஆக்சிஜன் நாலு. எட்டை மூன்றால் வகுத்தால் 2.67. தலைக்கு 2.67 என்று ஓர் இரும்பும் அங்கே கிடையாது. ஒன்று +2, இரண்டு +3. தோட்டத்துச் சராசரிக் கூலி என்று நான் மாதாமாதம் எழுதுகிற தொகையை இதுவரை ஓர் ஆள்கூடக் கையில் வாங்கியதில்லை, அது மாதிரி. ஆகவே அதன் பெயர் இரும்பு(இரண்டு, மூன்று) ஆக்சைடு.

ஜூன் 16

தோட்ட ஸ்டோரில் ஸ்டாக் எடுத்தேன். ஏலத்துக்கு நுண்ணூட்டம் வைத்திருக்கிற மூட்டையில் பெரிய எழுத்தில் "துத்தநாகம்(இரண்டு) சல்பேட்" என்று மார்க்கர் பேனாவால் எழுதி, படம் எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன், பெருமையாகத்தான்.

ஐந்து நிமிஷத்தில் பதில்: "மாமா, துத்தநாகத்துக்கு +2 விட்டா வேற நிலை பாடத்துல இல்லையே. ஒண்ணே ஒண்ணு இருக்கறதுக்கு எதுக்கு அடைப்புக்குறி?"

அடித்துவிட்டு வெறும் துத்தநாக சல்பேட் என்று எழுதினேன். பக்கத்து மூட்டை பெர்ரஸ் சல்பேட். அதில் நான் எழுதிய இரும்பு(இரண்டு) சல்பேட் அடைப்புக்குறியோடு அப்படியே இருக்கட்டும். ஓரத்தில் தையல் பிரிந்து, பச்சையின் மேல் மஞ்சள் பூக்க ஆரம்பித்திருக்கிறது. ரெண்டா மூணா என்று அந்த மூட்டைக்கே இன்னும் தெரியாது.